லாரியின் முதுகில் ஓர் ஊதா ஆட்டுக்குட்டி

எங்கள் நாமக்கல் பக்கத்தில் லாரி வைத்திருப்பவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. தெருவில் இறங்கிவிட்டால், வண்டியின் பின்கதவில் என்ன படம் இருக்கிறதோ அதுதான் ஆளுக்குப் பெயர். மயில் வரைந்தவர் மயில்காரர். அன்னம் வரைந்தவர் அன்னக்காரர். ஒருவர் ஆசையாக ரோஜாப்பூ வரையச் சொன்னார். பெயிண்டருக்கு அன்றைக்குக் கை சரியாக வரவில்லை, பூ முட்டைக்கோஸ் மாதிரி வந்துவிட்டது. அவர் அந்த வண்டியை விற்று வேறு வண்டி வாங்கி அதில் சிங்கமே வரைந்து பார்த்தார். பிரயோஜனமில்லை. இன்றைக்கும் அவர் பேரனை 'முட்டைக்கோஸ்காரர் ஊட்டுப் பையன்' என்றுதான் பெண் வீட்டில் விசாரிக்கிறார்கள்.

எனக்கு நாற்பது வயது தாண்டும் வரை சொந்தமாக ஒரு பெயர் கிடையாது. வாங்கியதெல்லாம் பழைய வண்டி. முதல் வண்டியில் முந்தைய ஓனரின் கிளி இருந்தது. அதனால் நான் 'கிளிக்காரர் வண்டிய வாங்குனவர்.' கிளிக்காரர்கூட இல்லை, பாருங்கள். அந்த மரியாதையை விற்றவர் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் என் மனைவியின் அண்ணன் வேறு புலிக்காரர். அவருடைய வண்டியின் பின்னால் பாய்கிற புலி. அதன் மீசையும் அவர் மீசையும் ஒரே அளவு. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "புலிக்காரர் வந்துட்டாருங்க, எலை போடுங்க" என்பார்கள். கூடவே போகிற என்னைப் பார்த்து, "இவருங்க..." என்று இழுப்பார்கள்.

"நம்ம மாப்ளைங்க. கிளிக்காரர் வண்டிய வாங்குனாரல்லங்க, அவருங்க" என்று மச்சான் எடுத்துக்கொடுப்பார். சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டு. பாசம்தான். ஆனால் தோள் வலிக்கும்.

ஆகவே, முதல்முறையாகப் புது சேஸிஸ் வாங்கி, பாடி கட்டப் பட்டறையில் விட்டபோது, அதை நான் வெறும் லாரியாகப் பார்க்கவில்லை. என்னுடைய பெயர்சூட்டு விழாவாகத்தான் பார்த்தேன். கழுகு என்று முடிவு செய்திருந்தேன். சிறகு விரித்த, அலகு வளைந்த, எதிரில் வருகிறவன் தானாகவே ஒதுங்கிப் போகிற கழுகு. கழுகுக்காரர். தனியாக இருக்கும்போது நானே என்னை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது உங்களுக்குப் புரியாது. சொன்னால் என் மரியாதை போகும். போன மரியாதைதான், பரவாயில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது பரமத்தி வேலூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்தது. அதில் சாயந்திரமானால் ஒரு கார்ட்டூன். வானத்தில் ஒரு தபாலாபீஸ். அதை நடத்துவது நான்கு சிறுமிகள். பார்சல் சுமப்பது ஊதா நிறத்தில் ஒரு செம்மறி ஆட்டுக்குட்டி. அதற்கு இரண்டு சிறகு உண்டு. கண்ணிமைகள் வாழைப்பூ இதழ் கணக்காக இருக்கும். எந்த வீட்டில் யார் அழுதாலும் அந்தக் குட்டி மூட்டையோடு பறந்து போய் வாசலில் இறங்கும். மூட்டையைப் பிரித்தால் அழுகிறவருக்கு வேண்டிய பொருள் உள்ளே இருக்கும். ஒரு கிழவருக்குத் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடி. ஒரு பிள்ளைக்கு ஒற்றைச் செருப்பு. முதுகில் மூட்டை ஏற்றியதும் குட்டியின் காதில் இருக்கும் ரிப்பன் ரோஸ் நிறமாக மாறும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மஞ்சளாகிவிடும். பேசுவதெல்லாம் இங்கிலீஷ், ஒரு வரி புரியாது. ஆனால் ரிப்பன் நிறம் மாறுகிறபோது எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அது பெண் குழந்தைகளுக்கான கார்ட்டூன். இடையில் வருகிற விளம்பரம் எல்லாம் பொம்மையும் வளையலும்தான். பையன்கள் பார்ப்பது தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் தோலை உரித்துவிடுவார்கள். எனவே நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். என் தங்கைக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். அவளுக்கோ அந்த ஆட்டுக்குட்டியைக் கண்டாலே ஆகாது. வெளியே ஓடிப்போய் கில்லி ஆடத் துடிப்பாள். மிட்டாய் தீருகிற வரைக்கும்தான் எனக்கு அவகாசம்.

அப்பா வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து சைக்கிளில் திரும்பும் சத்தம் கேட்டதும் என் கட்டைவிரல் ரிமோட்டில் ஒரு தாவு தாவும். திரையில் ஆட்டுக்குட்டி போய், ஜட்டி போட்ட இரண்டு தடியர்கள் கட்டிப் புரளுவார்கள். சில நாள் விரல் பிந்திவிடும்.

"என்னடா இது, ஆட்டுக்குட்டி கண்ணுக்கு மை வெச்சிட்டு நிக்குது?" என்பார் அப்பா.

"பாப்பா அழுவுதுங்கப்பா. அதுக்காகப் போட்டனுங்க."

பாப்பா தேன்மிட்டாய் வாயோடு, துளி கண்ணீர் இல்லாமல் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பாள்.

வளர்ந்தேன், கல்யாணமானது, மீசை வந்தது, கொஞ்சம் நரைக்கவும் செய்தது. ஆட்டுக்குட்டியை மறந்தே போயிருந்தேன். அப்புறம் கைக்குள் போன் வந்தது. யாரோ புண்ணியவான் அந்தப் பழைய கார்ட்டூன் முழுவதையும் அதில் ஏற்றி வைத்திருந்தார். நான் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். டீ குடிக்கிறவர்களும் முதலில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பட்டறையில் என் வண்டிக்கு மரவேலை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். சுற்றிலும் வெல்டிங் பொறி, சுத்தியல் சத்தம். நான் டயர் அடுக்குக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் போனில் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிமலையில் மாட்டிக்கொண்ட கட்டம். நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஏனுங்க, பின்கதவுல என்னங்க போடறது?"

தலைக்கு மேலே பெயிண்டர் நின்றார்.

அந்தக் கணத்தில் எனக்குப் பத்து வயதாகிவிட்டது. சைக்கிள் சத்தம் கேட்ட மாதிரி என் கட்டைவிரல் தாவியது. தயாராக எடுத்து வைத்திருந்த கழுகுப் படத்துக்குத்தான் தாவியது. தாவி முடித்துவிட்டதாக முழு நம்பிக்கை. திரையைக்கூடப் பார்க்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பி, லாரி ஓனருக்கு உரிய கெத்தோடு போனை அவரிடம் நீட்டினேன்.

"இதே மாதிரி போடுங்க."

பெயிண்டர் நெடுநேரம் பார்த்தார். "இதேங்களா?"

"இதேதானுங்க. கதவு முழுக்க வரணும். பாத்ததும் ரோட்ல போறவன் மெரளணும்."

"மெரளுவானுங்க" என்றார் பெயிண்டர், எதையோ யோசித்தபடி. தன் போனை எடுத்து, என் போன் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். "கண்ணு மட்டும் இப்படியே இருக்கட்டுங்களா?"

"கண்ணுதானுங்க முக்கியம்!" என்றேன்.

அதற்குப் பிறகு தார்ப்பாயும் கயிறும் வாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டை, பேப்பர் வேலைக்கு ஆபீஸ் என்று அலைந்ததில் பட்டறைப் பக்கம் போகவே முடியவில்லை. நான் மறுபடி வண்டியைப் பார்த்தது பூஜை அன்று காலையில்தான். முன்பக்கம் ஜொலித்தது. டிரைவர் மாலையோடு நின்றிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், எத்தனையோ மாநிலம் பார்த்தவர். "மொதலாளி, பின்னாடி என்னன்னு பெயிண்டர் காட்ட மாட்டேங்கறாருங்க. நீங்க வந்துதான் பாக்கோணுமாம்" என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் போனேன். பெயிண்டர் மறைத்துக் கட்டியிருந்த பழைய துணியை விலக்கினார்.

பின்கதவு முழுக்க ஆட்டுக்குட்டி.

ஊதா நிறம். இரண்டு சிறகு. முதுகில் மூட்டை. நான் முக்கியம் என்று சொன்ன கண்கள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், என்னையே அன்போடு பார்த்தன. பூஜைக்கு ஆகட்டும் என்று பெயிண்டர் தன் பங்குக்கு நெற்றியில் குங்குமப் பொட்டு ஒன்றும் வைத்திருந்தார்.

வேட்டி நழுவுகிற மாதிரி ஓர் உணர்வு, பிடித்துக்கொண்டேன். ஆட்டுக்குட்டிக்காரர். இனி சாகும்வரை நான் ஆட்டுக்குட்டிக்காரர். என் மகளுக்கு வரன் வந்தால், 'ஆட்டுக்குட்டிக்காரர் புள்ள.' நான் செத்தால், 'ஆட்டுக்குட்டிக்காரர் தவறிட்டாருங்க, எத்தன மணிக்கு எடுக்கறாங்க?' முட்டைக்கோஸ்காரருக்காவது பெயிண்டரைக் கைகாட்ட ஒரு வழி இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

இவ்வளவு பீதியிலும் மூளையின் ஒரு மூலை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. முதுகில் மூட்டை இருக்கிறதே, காதில் ரிப்பன் ஏன் மஞ்சளாக இருக்கிறது? தப்பாயிற்றே. ரோஸாக அல்லவா இருக்க வேண்டும். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

"எப்படிங்க வந்திருக்குது?" பெயிண்டர் பூரித்துப்போய் நின்றார். "எங்க பட்டறையில இதுவரைக்கும் யாருமே இப்படிக் கேட்டதில்லீங்க."

"அழிக்க முடியுங்களா?"

அவர் முகம் விழுந்தது. "நீங்கதானுங்க கதவு முழுக்க வரணுமுன்னீங்க. இப்ப அழிச்சா காயறக்கே நாளாகுமுங்க. நல்ல நேரம் போயிருமல்லங்க."

அதற்குள் வாசலில் கார்கள் வந்து நிற்கிற சத்தம். மயில்காரர், அன்னக்காரர், இன்னும் நாலைந்து வண்டிக்காரர்கள். கடைசியாகப் புலிக்காரர், கூடவே என் மனைவி. நான் புதுத் தார்ப்பாயை இழுத்துப் பின்கதவின் மேல் போட்டு, செவ்வாய்ப்பேட்டைக் கயிற்றை எடுத்து, வாழ்க்கையில் கட்டாத முடிச்செல்லாம் கட்டினேன்.

"லோடே ஏத்தல, எதுக்குங்க மொதலாளி தார்ப்பாய்?" என்றார் டிரைவர்.

"மழை வரும்போல இருக்குது."

டிரைவர் வானத்தைப் பார்த்தார். பங்குனி வெயில். ஒரு காக்காய்கூடப் பறக்கவில்லை. என்னைப் பார்த்தார். மாலையை முன்பக்கம் கட்டப் போய்விட்டார்.

பூசாரி தேங்காய் உடைத்தார். சூடம் காட்டினார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டிக்கு நாலு பக்கமும் சந்தனம் வைக்க வேண்டும், அதுதான் முறை. முன்னால் வைத்தார், இடதுபுறம் வைத்தார், வலதுபுறம் வைத்தார். நான் பின்பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து, கையை அகல விரித்து, சிலுப்பிக்கொண்ட கோழி மாதிரி நின்றேன்.

"சித்த நகருங்க சாமி, பின்னாடி பொட்டு வெக்கோணும்" என்றார் பூசாரி.

"தார்ப்பாய் மேலயே வெச்சிருங்க."

"அதெப்படிங்க. கதவுக்கல்ல வெக்கோணும்."

மச்சான் முன்னால் வந்தார். "என்னங்க மாப்ள, கல்யாணப் பொண்ணு மாதிரி மூடி வெச்சிருக்கீங்க. கழுகுன்னு ஊரெல்லாம் சொன்னீங்கல்ல? கழுகுக்குக் கூச்சமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் மச்சான் என் முடிச்சில் கையை வைத்தார். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழ்ந்து விழுந்தது.

பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பையன்கூட நிறுத்திவிட்டான். ஆட்டுக்குட்டி அத்தனை பேரையும் இமை கொட்டாமல் பார்த்தது. பூசாரியின் சந்தனக் கை அந்தரத்தில் நின்றது.

"கெடா வெட்டுக்குங்களா?" என்று மயில்காரர் மெதுவாகக் கேட்டார்.

அவ்வளவுதான். வெடித்துவிட்டார்கள். அன்னக்காரர் டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சானுக்கோ கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஐயோ மாப்ள! றெக்க மொளச்ச ஆட்டுக்குட்டிங்களா! கண்ணுக்கு மை வேற! இனிமே கறிக்கடைக்காரன் எல்லாம் உங்க வண்டிய நிறுத்தி வெல கேப்பானுங்க! இத எவனுங்க பாப்பான், பொட்டப்புள்ளைங்க பாக்கறது..." என்று சிரித்துக்கொண்டே படத்தின் பக்கத்தில் போனார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. புருவம் சுருங்கியது.

"ஏனுங்க பெயிண்டரே, இங்க வாங்க. ரிப்பன் ஏனுங்க மஞ்சளா இருக்குது?"

"மங்களமா இருக்கட்டுமுன்னு மஞ்சளடிச்சனுங்க."

"மங்களமாவது ஒண்ணாவது! முதுகுல மூட்ட இருக்குதல்ல? லோடு ஏத்துனா ரிப்பன் ரோஸாயிருமுங்க. எறக்கிட்டு எம்ட்டியா திரும்பும்போதுதான் மஞ்சள். அது தெரியாம எப்படிங்க படம் போட்டீங்க?"

"படத்துல ரோஸாத்தானுங்க இருந்துச்சு. நானாத்தான் மாத்துனேன்."

"அதெப்படிங்க நீங்களா மாத்துவீங்க! அந்தப் பனிமலைக்குப் போகும்போதுகூட, மூட்ட நனஞ்சும் ரிப்பன் ரோஸாவேதானுங்க இருக்கும். அப்பத்தானுங்க அந்தப் புள்ளைங்களுக்கே மூட்ட பத்திரமா இருக்குதுன்னு..."

அப்போதுதான் தன் குரலைத் தவிர பட்டறையில் வேறு சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பினார். மயில்காரர், அன்னக்காரர், பூசாரி, டிரைவர், எல்லோரும் புலிக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சானின் மீசை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் துடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"எங்க அம்மணி பாக்கும். சின்னதுல. அதான்... காதுல உழுந்தது" என்றார்.

என் மனைவி அதுவரை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தலைப்பை எடுத்தாள்.

"நான் எங்கீங்கண்ணா பாத்தேன்? சாயந்திரமானா கமர்கட்டு வாங்கிக் குடுத்து, 'உக்காரு அம்மணி, எங்கியும் போகாதே'ன்னு டிவி முன்னாடி உக்கார வெப்பீங்க. பாண்டி ஆடறக்கு விடவே மாட்டீங்க. எங்கண்ணனுக்கு நான்னா உசுருன்னு இத்தன வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே!"

"அம்மணி, நீ சும்மா இரு."

"ஆட்டுக்குட்டிக்காகத்தான் கமர்கட்டா?"

நான் அவளைப் பார்த்தேன். மச்சானைப் பார்த்தேன். என் தங்கையின் தேன்மிட்டாய் வாய் கண் முன்னால் வந்து சிரித்தது. காவிரிக்கு இந்தக் கரையில் நானும் அக்கரையில் தன் ஊரில் அவரும், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு தங்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரே பனிமலைக்காக நெஞ்சடைத்து உட்கார்ந்திருந்திருக்கிறோம். என் அதிர்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்றேன், தும்மல் மாதிரி வெளியே வந்தது.

"மூட்ட நனயும்போது ஒரு ஒத்த எழை மட்டும் மஞ்சளாகுமுங்க மச்சான். கவனிச்சீங்களா?" என்றேன்.

மச்சான் என்னை முறைத்தார். அப்புறம் தாழ்ந்த குரலில், "அது கடைசில. கதவத் தட்டும்போது" என்றார்.

"ஆமாங்க. கதவத் தட்டும்போதுதான்."

இந்தச் சமயத்தில் டிரைவர் தொண்டையைச் செருமினார். வண்டியை ஓட்டப்போவது அவர்தானே. எந்த ஊரில் நின்றாலும் இந்தக் கண்களோடு நிற்கப்போவது அவர். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனால் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சிறகைத் தடவிப் பார்த்தார். "லோடு கொண்டுட்டுப் போயி, சொன்ன எடத்துல எறக்குதுங்களா?"

"எறக்குமுங்க."

"ஒடச்சிருக்குதுங்களா, தொலச்சிருக்குதுங்களா, ஒரு தடவையாச்சும்?"

"ஒரு தடவகூட இல்ல" என்று நானும் மச்சானும் ஒரே குரலில் சொன்னோம்.

"அப்பப் பொறவு என்னங்க. கழுகு எங்கீங்க லோடு ஏத்துச்சு?" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ரிப்பன மட்டும் ரோஸ் அடிச்சுக் குடுங்க பெயிண்டரே. எம்ட்டி வண்டின்னு நெனச்சு எவனாச்சும் கை காட்டப் போறான்" என்றார்.

பூசாரி ஆட்டுக்குட்டியின் குங்குமத்துக்குக் கீழே சந்தனத்தை வைத்தார். பெயிண்டர் ரிப்பனுக்கு ரோஸ் அடித்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது.

இப்போது எனக்குச் சொந்தப் பெயர் உண்டு. முதல்முறை டீக்கடையில், "ஆட்டுக்குட்டிக்காரருக்கு ஒரு டீ" என்று குரல் வந்தபோது யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது முறை திரும்பவில்லை, கையை மட்டும் நீட்டினேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். முட்டைக்கோஸ்காரர் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துப்போய், "போகப் போகப் பழகிருமுங்க" என்று ஆறுதல் சொன்னார். டிரைவர் போன் பண்ணும்போதெல்லாம், எந்த டோல்கேட்டில் எந்தக் காரிலிருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள் என்று சொல்லாமல் வைப்பதில்லை. பிள்ளைகள் மட்டுமில்லை. மகாராஷ்டிரா பக்கம் ஒரு தாபாவில், தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குகிற ஒரு லாரிக்காரர் ஆட்டுக்குட்டியின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதனோடு ஒரு போட்டோ எடுத்தாராம்.

மச்சான் மறுபடி இந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் தோளில் தட்டுவதையும் குறைத்துக்கொண்டார். போன மாதம் அவருடைய வண்டி பெயிண்ட் புதுப்பிக்க அதே பட்டறைக்குப் போனது. வண்டி வெளியே வந்த அன்று நான் யதேச்சையாகப் போவது மாதிரி போய்ப் பார்த்தேன். அதே பாய்கிற புலி, அதே மீசை. ஆனால் வால் நுனியில், மல்லிகை மொட்டு அளவுக்கு, ரோஸ் நிறத்தில் ஒரு ரிப்பன்.

மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் வாலையே பார்த்தோம்.

"பெயிண்டர் தப்பாப் போட்டுட்டாருங்க" என்றார்.

"ஆமாங்க. அவருக்கு இதே வேல" என்றேன்.